நிலாவுக்கு ஜன்னல் சீட்டு

செத்துப்போன பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு வேணும்னு நான் ஒரு பெரிய மனுசனோட சண்டை போட்டிருக்கேன். செத்துப்போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பியாடின்னு எங்கம்மா கேட்டுச்சு.

என் பேரு ரஞ்சிதா. ஊரு ஆட்டையாம்பட்டி. சோளக்காட்டுக்கும் மரவள்ளிக்காட்டுக்கும் நடுவுல இருக்கற ஒரு சின்ன ஏர்போர்ட்டுல, ஒரு பிளேன் கம்பெனிக்கு ரெண்டு வருசமா வேலை பாக்கறேன். பெரிய ஊர்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளு இருக்கும். எங்க கம்பெனியில மொத்தமே அஞ்சு பேரு. கவுண்டர்ல உக்காந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டறதும் நான்தான், மைக்கைப் புடிச்சு இங்கிலீசுல கூவறதும் நான்தான், கேட்டுல நின்னு போர்டிங் பாஸை ஸ்கேன் பண்றதும் நான்தான். கடைசியில பிளேன் கதவு சாத்தற வரைக்கும் வெயில்ல ஓடறதும் இதே ரஞ்சிதாதான். மத்தியானம் ஒண்ணரைக்கு ஐதராபாத் பிளேன், ரெக்கையில காத்தாடி வெச்ச சின்ன பிளேன். அது கெளம்புன பின்னாலதான் எனக்குச் சோத்து டப்பாவையே திறக்க நேரம் வரும். தக்காளிச் சோறு அதுக்குள்ள புளிச்ச வாசம் அடிக்கும்.

எங்க பக்கத்து ஜனம் பஸ்ஸுக்கு வர்ற மாதிரியேதான் பிளேனுக்கும் வரும். முன்னாலயே போயி துண்டு போட்டு எடம் புடிக்கலாமான்னு கேட்டவங்க இருக்காங்க. உரிச்ச தேங்காய் பத்து, நெய் ஒரு சட்டி, அருவாமனை ஒண்ணு. போர்வெல் போடற ரிக் வண்டிக்காரங்க வந்தா இன்னும் மோசம். போர் போடறப்ப பாறையை உடைக்கற இரும்பு பிட்டு இருக்குதுங்களே, பதினஞ்சு கிலோ வரும், அதைச் சாக்குல சுத்திக் கையில புடிச்சுக்கிட்டு, "இது கைப்பைதானுங்க"ம்பாங்க. திட்டவும் முடியாது. சிரிச்சுக்கிட்டே திட்டுவேன்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். குடும்பமா வர்றவங்களுக்கு சீட்டுப் போடற வேலைதான் எனக்கு உசுரு போற வேலை. கம்பெனிக்கு ஒரு சட்டம் இருக்குது. தனியாக் காசு கட்டி சீட்டு எடுக்காட்டி, மிஷினு அதும்பாட்டுக்குப் பிரிச்சுப் போடும். புருசன் முன்னால, பொண்டாட்டி கடைசியில, பிள்ளை நடுவுல எவன் பக்கத்துலயோ. இன்னொரு சட்டமும் அதே கம்பெனிதான் போட்டிருக்குது. பன்னெண்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்குப் பக்கத்துல பெத்தவங்கள்ல ஒருத்தராச்சும் உக்காரோணும். ரெண்டு சட்டமும் முட்டிக்கற எடத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறது யாரு? இந்த ரஞ்சிதா.

அன்னைக்கு ஐப்பசி வெயில். மழை வர்றாப்புல வந்துட்டு, ஏற்காட்டு மலைமேல கருப்பாக் குந்திக்கிட்டு எறங்கவே மாட்டேங்குது. பிசுபிசுன்னு ஒரே புழுக்கம். கவுண்டருக்கு ஒரு ஆளு வந்தாரு. முப்பத்தஞ்சு வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, கையெல்லாம் காப்புக் காச்சிக் கெடந்துச்சு. பாத்ததுமே ரிக் ஆளுன்னு தெரிஞ்சு போச்சு. கீழ சாக்குமூட்டை ஏதும் இருக்குதான்னுதான் மொதல்ல எட்டிப் பாத்தேன். ஒரே ஒரு பெட்டிதான்.

செல்போனை நீட்டுனாரு. மூணு டிக்கெட்டு. அருணகிரி, சுகன்யா, நிலா. நிலாவுக்கு வயசு ஆறு.

"அம்முணி, ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க. மூணு சீட்டும் மூணு பக்கமா வந்திருக்குது. பாப்பா தனியா உக்காராதுங்க."

"மொதல்லயே காசு கட்டி எடுத்திருந்தா சேந்தாப்புல வந்திருக்குமுங்கண்ணா."

"ரெண்டு மாசத்துக்கு முன்னால திருச்செங்கோட்டுல ஒரு கடையில போட்டதுங்க. இதெல்லாம் கடைக்காரனும் சொல்லலை, எனக்கும் தெரியலை. பாப்பாவுக்கு ஜன்னலோரம் வேணுங்க. மேகத்தைப் பாக்கோணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"பாப்பா எங்கீங்க?" நான் பாக்கோணும், அதுதான் முறை.

"அங்கதானுங்க இருக்குது" அப்படின்னாரு. திரும்பக் கூட இல்லை.

நான் எட்டிப் பாத்தேன். நாற்காலி வரிசையில ஒரு பொம்பளை தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. அது முட்டியில சாஞ்சுக்கிட்டு மஞ்சக் கவுனு போட்ட பெண்பிள்ளை ஒண்ணு நின்னுச்சு. அந்தப் பொம்பளை கையில இருந்த வளையலை உருட்டி உருட்டி விளையாடிக்கிட்டிருந்துச்சு. ஆறு வயசு இருக்கும். செரி, இதுதான் நிலான்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். இதுதான் பாப்பான்னு அவரு சொல்லவே இல்லை. அவரு கையைக் கூட நீட்டலை.

அப்பறம் ஆரம்பிச்சுது என் கூத்து. பிளேன் கிட்டத்தட்ட ரொம்பிப் போச்சு, ஜன்னலோரம் ஒண்ணு கூட மிச்சமில்லை. பதினொன்னாவது வரிசையில ஜன்னலோரம் ஒருத்தர் காசு கட்டி எடுத்திருந்தாரு. குமாரபாளையத்துத் துண்டு வியாபாரி. எனக்கு மாசத்துல ரெண்டு தடவை பாக்கற மொகம். அவரைக் கூப்பிட்டேன்.

"அப்பச்சி, ஒரு சின்ன உதவிங்க. நாலாவது வரிசைக்கு மாறிக்கறீங்களா?"

"அது ஜன்னலா?"

"இல்லீங்க. நடைவழி."

"காசு கட்டி ஜன்னல் எடுத்தவன் நடைவழியில உக்காரோணுமா? என்னாம்மா நாயம் இது?"

"ஆறு வயசுக் கொழந்தைங்க. அப்பா அம்மாவோட உக்காரோணும்ங்க."

"அவுங்க மொதல்லயே எடுத்திருக்கோணும். நான் எடுக்கலியா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிப்போச்சு. "ஏனுங்கப்பச்சி, உங்க பேத்தி அழுதுக்கிட்டு எவனோ ஒருத்தன் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து வந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? மேகத்தை நீங்க எத்தனை தடவை பாத்தாச்சு. அந்தப் பிள்ளை ஒரு தடவை பாக்கட்டுமே."

வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்துட்டாங்க. "எடுத்துக்கம்மா, எடுத்துக்க. கம்பெனிக்கு லெட்டர் போடறேன்" அப்படின்னு மொணங்கிக்கிட்டே போனாரு. போட்டுக்கட்டும், நான் பாக்காத லெட்டரா?

பதினொன்னுல ஜன்னல் நிலாவுக்கு. ஒட்டுனாப்புல அருணகிரிக்கு. நடைவழியைத் தாண்டி சுகன்யாவுக்கு. பாஸு மூணையும் அச்சடிச்சுக் குடுத்தப்ப எனக்கே பெருமையா இருந்துச்சு. அருணகிரி அதுல ஒண்ணை மட்டும் எடுத்து, பேரு இருக்கற பக்கத்தைக் கட்டைவிரல்ல தடவித் தடவிப் பாத்தாரு.

"நெம்ப நன்றிங்க அம்முணி" அப்படின்னு ரெண்டு தடவை சொன்னாரு. மூணு பாஸையும் சட்டைப்பையில வெச்சுக்கிட்டாரு. பொண்டாட்டிகிட்ட எதையும் காட்டலைன்னு எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது.

ஒரு மணிக்குக் கேட்டைத் திறந்தோம். சின்னப் பிள்ளைங்களோட வர்ற குடும்பத்தைத்தான் மொதல்ல உடோணும். மைக்குல இங்கிலீசுல சொல்லிட்டு, நம்ம சனத்துக்குப் புரியட்டும்னு, "சின்னப் பசங்களோட இருக்கறவங்க முன்னால வாங்க சாமி"ன்னு நானாச் சேத்துச் சொல்லுவேன். அருணகிரிதான் மொத ஆளா வந்தாரு. பின்னால சுகன்யா. ரெண்டு பேருக்கும் நடுவுல மஞ்சக் கவுனு. அவங்களுக்குப் பின்னால ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு, கைப்பிள்ளைங்க ரெண்டு, பை நாலு, ஒரே நெரிசல். மூணு பாஸையும் நீட்டுனாரு. டிக், டிக், டிக். மூணும் பச்சை. "போங்க போங்க"ன்னு அனுப்பிப்போட்டேன். அந்த ஆத்தூர்க் குடும்பத்தோட பாஸைப் பக்கத்துல நின்ன கௌதமன் வாங்கிக்கிட்டான். பெட்டி தூக்கறதுல இருந்து எங்களோட எல்லா வேலைக்கும் அவன்தான் ஆளு.

சொன்னா நம்புவீங்களோ என்னமோ. கொஞ்சம் கழிச்சு மறுக்கா ஒரு மஞ்சக் கவுனு என்னைத் தாண்டிப் போனப்ப, இதை நான் இப்பத்தானே உள்ள உட்டேன்னு மனசுக்குள்ள ஒரு உதறல் வந்துச்சு. வந்தது வந்த மாதிரியே போயிருச்சு. அடுத்த பாஸு, அடுத்த பாஸுன்னு ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருந்தேன்.

ஒண்ணு இருவத்தஞ்சுக்கு என் கையில இருந்த வாக்கி-டாக்கி கத்துச்சு. பிளேனுக்குள்ள இருக்கற பொண்ணு தலையை எண்ணியிருக்குது. எங்க மிஷினுல அறுவத்தெட்டு ஏறியாச்சு. உள்ள அறுவத்தேழுதான்.

"யாரு இல்லை?"

"பதினொன்னு ஏ. சைல்டு."

பிள்ளையைக் கேட்டுல உட்டது நானு. கேட்டுக்கும் பிளேனுக்கும் நடுவுல நூறு தப்படி சிமெண்டுத் தரை. பெட்டி வண்டி ஓடற எடம். காத்தாடி இன்னும் சுத்தலை, அதுவரைக்கும் சாமி புண்ணியம். கௌதமன் கக்கூசு, தண்ணிக் குழாய், நாற்காலிக்கு அடியில எல்லாம் தேடிக்கிட்டு ஓடறான். எங்க மேனேஜரு ரமேஷ்குமார் சார் மொகம் வெளுத்துப் போயி, "ரஞ்சிதா, நீ பாத்தியா, கண்ணால பாத்தியா?"ன்னு அதையே கேக்கறாரு. பாத்தேன் சார், மஞ்சக் கவுனு சார்ங்கறேன். நான் மைக்கைப் புடிச்சேன். இங்கிலீசு ஒண்ணும் வரலை.

"நிலா... நிலா பாப்பா... எங்க இருந்தாலும் கேட்டுக்கு வந்துரு சாமி. அப்பா அம்மா பிளேனுல இருக்காங்க. பயப்படாத. நிலா... அக்கா இங்கதான் நிக்கறேன், வா கண்ணு."

நாலு தடவை கூப்பிட்டேன். வெளிய தூணுல கட்டுன ஸ்பீக்கருல என் குரலே எனக்குத் திரும்பி வந்துச்சு. பிளேன் கதவு திறந்துதான் கெடந்துச்சு. உள்ள இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

அப்பறம் நான் பிளேனுக்கு ஓடுனேன். படியேறுனதும் மொதல்ல கண்ணுல பட்டது மஞ்சக் கவுனு. எட்டாவது வரிசையில, ஆத்தூர்க்காரம்மா மடியில உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருக்குது. "இது யாருங்க?"ன்னேன். "என் மவதான். அங்க அந்தக்கா வளையலைப் பாத்து ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சுது. ஏன்?" அப்படின்னு அந்தம்மா முறைச்சுச்சு.

பதினொன்னாவது வரிசைக்குப் போனேன். ஜன்னல் சீட்டு காலியா இருந்துச்சு. ஆனா பெல்ட்டு மாட்டியிருந்துச்சு. சின்னப் பிள்ளைக்கு இறுக்கற அளவுக்கு வாரை நல்லா இழுத்து மாட்டியிருந்துச்சு. அருணகிரி பக்கத்துல உக்காந்து, கையை அந்தப் பெல்ட்டு மேல வெச்சிருந்தாரு. கண்ணு ஜன்னலுக்கு வெளிய. அந்தாண்ட சீட்டுல சுகன்யா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு முன்னும் பின்னுமா ஆடிக்கிட்டிருந்துச்சு.

"அண்ணா. பாப்பா எங்கீங்க?"

அவரு பெல்ட்டு வாரை இன்னும் கொஞ்சம் நேராக்கி உட்டாரு.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன். நிலா எங்கீங்க?"

மெதுவாத் திரும்பிப் பாத்தாரு. "தூங்குதுங்க அம்முணி. எழுப்ப வேண்டாங்க" அப்படின்னாரு. குரலு அவ்வளவு சாதாரணமா இருந்துச்சு.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சுகன்யா "ஐயோ!"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பிளேனுல அத்தனை தலையும் திரும்புச்சு. எந்திரிச்சு என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் பின்னால, தண்ணி வெக்கற மறைப்புக்குப் போச்சு.

"அக்கா, பிள்ளை இல்லீங்கக்கா. தேடாதீங்க. செத்து நாப்பது நாளாச்சு."

நாலு தடவை மைக்குல கூப்பிட்டவ நானு.

"மூளைக் காய்ச்சலுங்க. மூணே நாளு. மூணு டிக்கெட்டுல ஒண்ணைக் கேன்சல் பண்ணிப்போட்டேன்னு எங்கிட்டச் சொன்னாருங்க. நம்பி வந்தேன். இங்க வந்து உக்காந்து, அந்தப் பெல்ட்டை அவரு மாட்டறப்பத்தான் எனக்கு விளங்குச்சு. நீங்க மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அவரு ஜன்னலைப் பாத்துச் சிரிச்சாருங்கக்கா."

"அண்ணனுக்குத் தெரியுந்தானுங்க?"

சுகன்யா தலையை ஆட்டுச்சு. ஆமாவா இல்லையான்னு எனக்குத் தெரியலை.

"அவருகிட்ட யாரும் சொல்லலீங்க" அப்படின்னுச்சு. "வாரங்கல் பக்கம் ரிக்குல இருந்தாரு. காய்ச்சல் அதிகமாயிருச்சுன்னு போன் பண்ணுனோம். மொதலாளி பிளேனுல போடான்னு சொல்லியிருக்காரு. மறுநாள் மத்தியானந்தான் பிளேனாம். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது, ரோடுதான் நம்ம கையில இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, சாயங்காலமே சாமான் லாரியை எடுத்துக்கிட்டு ஒத்தை ஆளாக் கெளம்பிட்டாருங்க. விடிகாலம் பிள்ளை போயிருச்சு. அவரு அனந்தப்பூருகிட்ட வந்துக்கிட்டிருக்காரு. எங்க லாரி, ரிக்குக்காரங்க ஊட்டுல ஒரு வழக்கம் இருக்குதுங்கக்கா. ஸ்டேரிங் புடிச்சிருக்கறவன்கிட்ட சாவுச் சேதி சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லி வண்டியோட போயிச் சேந்தவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேரு. எங்க மாமனாரு போனை எங்கையில குடுத்து, நீயே பேசும்மா, உங்குரலு கேட்டாத்தான் நம்புவான்னாரு. பிள்ளையை நடுவூட்டுல போட்டிருக்குது. நான் கொல்லையில நின்னுக்கிட்டுப் பேசறேன். பாப்பா என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. தூங்குதுங்க, எழுப்ப வேண்டாங்கன்னேன்."

அதே வார்த்தையைத்தான் அவரு சித்த முன்னால எங்கிட்டச் சொன்னாரு.

"சின்னப் பிள்ளையை இருட்டற வரைக்கும் வெச்சிருக்கக்கூடாதுன்னு பெரியவங்க நாலு மணிக்கே எடுத்துட்டாங்க. அவரு வந்து சேர ஏழு. பந்தலைப் பாத்தாரு, சேரைப் பாத்தாரு, சனத்தைப் பாத்தாரு. யாராச்சும் சொல்லுவாங்கன்னு எல்லாரும் இருக்க, யாருமே சொல்லலீங்க. காலைக் கழுவிட்டு வந்து, எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரலை. குழிமேட்டுப் பக்கம் போகலை. அவளைப் பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. இந்த மனுசனை இப்படியே தனியா ரிக்குக்கு அனுப்புனா எனக்குத் திரும்பி வரமாட்டாருங்கக்கா. அதுக்கோசரந்தான் நானும் கூடக் கெளம்புனேன்."

என்னோட வாக்கி விடாமக் கத்துது. பிள்ளை கெடைச்சுதா, கெடைச்சுதா. கணக்கு ஒத்துவராம பிளேன் நகராது. பிள்ளை வரோணும், இல்லாட்டி அந்தப் பேரைக் கணக்குல இருந்து எறக்கோணும். பேரை எறக்கோணும்னா கூட வந்தவங்க வாயால சொல்லோணும். அதுதான் சட்டம். நான் அதைச் சுகன்யாகிட்டச் சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு சாமிக்குத்தான் தெரியும்.

"நீங்களே அவருகிட்டச் சொல்லீருங்களேன்" அப்படின்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. "நீங்க தெனம் மைக்குல எத்தனையோ சொல்றவங்க. எனக்கு வாய் வராதுங்க. பொய் சொன்ன வாயிங்கக்கா."

சொல்லிப்போட்டா வேலை முடிஞ்சுது. ஆனா நாக்கு எந்திரிக்கோணுமே. தெனம் எழுபது பேருக்குக் கெளம்பற நேரம் சொல்ற எனக்கு, ஒரு மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லை. "நான் பக்கத்துல நிக்கறேன், நீங்க சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். என்னமோ நான் நின்னா ஆகிப்போகுமாட்டம்.

ரெண்டு பேரும் திரும்பி வந்தோம். முன்னால நாலாவது வரிசையில இருந்து துண்டு வியாபாரி எந்திரிச்சு நின்னு, "ஏம்மா, சீட்டும் போச்சு, இப்ப நேரமும் போச்சு, அந்தப் பிள்ளை எங்கதாம்மா..."ன்னு ஆரம்பிச்சாரு. சுகன்யா மொகத்தைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

அருணகிரி பெல்ட்டு மேல வெச்ச கையை எடுக்கலை. சுகன்யா நடைவழியில முட்டி போட்டு உக்காந்து, அவரு தொடையில கையை வெச்சுச்சு. வாயைத் திறக்குது, மூடுது. ஒண்ணும் வரலை.

அவருதான் பேசுனாரு. அவளைப் பாக்காம, ஜன்னலைப் பாத்துக்கிட்டே.

"இப்ப நான் வண்டி ஓட்டலை சுகன்யா."

சுகன்யா நிமுந்து பாத்துச்சு.

"எவனோ ஓட்டறான். நான் சும்மா உக்காந்திருக்கறேன். இப்பச் சொல்லு."

"ஏனுங்க..."

"நாப்பது நாளா உம்மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கறேன், இவ எப்பச் சொல்லுவான்னு. சொன்னாத்தானே நான் கேக்க முடியும்? சொல்லு."

"நிலா செத்துப்போச்சுங்க" அப்படின்னுச்சு சுகன்யா. கத்தவே இல்லை. ஊட்டுல பால் தீந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு.

"எத்தனை மணிக்கு?"

"காலைல ஆறேகாலுக்குங்க."

"நான் அனந்தப்பூர் டீக்கடையில இருந்து போன் பண்ணுனது ஏழு மணி."

"ஆமாங்க."

"அப்பத் தூங்குதுன்னியே."

"ஆமாங்க."

அவரு உதடு கணக்குப் போடற மாதிரி அசைஞ்சுது. அப்பறம் கேட்டாரு பாருங்க.

"சிக்கபள்ளாப்பூர்ல நின்னு மறுக்கா போன் பண்ணுனேன். ரோட்டோரம் திராட்சை விக்குது, பாப்பாவுக்கு வேணுமான்னு கேளுன்னேன். நீ போனைக் கீழ வெச்சுட்டுப் போயிக் கேட்டுட்டு வந்து, வேணுமாம், ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொல்றான்னு சொன்னியே. அவ கேட்டான்னு சொன்னியே சுகன்யா."

"அவ கேக்கலீங்க" அப்படின்னுச்சு சுகன்யா. "நானாத்தாஞ் சொன்னேன். நீங்க பதறாம வரோணும்னு சொன்னேன். அவ கேக்கலீங்க, சாமி. அவ கேக்கலை."

அப்பறம் அந்த ஒடம்பு மொத்தமும் குலுங்குச்சு. பாறையை ஓட்டை போடற ஆளு, முன்சீட்டு முதுகுல நெத்தியை முட்டிக்கிட்டு, "ரெண்டு கிலோ... ரெண்டு கிலோ வாங்கியாந்தனே..."ன்னு வாய் விட்டு அழுதாரு. சுகன்யா அவரு தலையைத் தோள்ல சாச்சுக்கிச்சு. துண்டு வியாபாரி தன்னோட பையில இருந்து புதுத்துண்டு ஒண்ணை உருவி எடுத்தாந்து, என் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு. நான் அதைச் சுகன்யாகிட்ட நீட்டுனேன். வாக்கியில சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் அதை அமுத்திப்போட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அருணகிரி மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. ஜன்னல் சீட்டுப் பெல்ட்டை அவரே கழட்டுனாரு.

"அம்முணி, நாங்க எறங்கிக்கறோம்ங்க. பெட்டியை எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்." அப்பறம் பொண்டாட்டி பக்கம் திரும்பி, "ஊட்டுக்குப் போலாம். அவளை எங்க வெச்சீங்கன்னு வந்து காட்டு" அப்படின்னாரு.

படியில எறங்கறப்ப மழை தூத்தல் போட ஆரம்பிச்சுது. கௌதமன் ஓடியாந்து குடை புடிச்சான். மூணு பேரும் கவுண்டருக்கு வந்தோம். எறங்குன ஆளுங்க பேரை ஒண்ணொண்ணா மிஷினுல ஏத்தி, எதுக்காகப் போகலைன்னு காரணமும் போட்டாத்தான் பிளேனை உடுவாங்க. ரமேஷ்குமார் சார் கூட எட்டத் தள்ளி நின்னுக்கிட்டாரு. அருணகிரின்னு அடிச்சேன். சொந்தக் காரணம்னு போட்டேன். சுகன்யான்னு அடிச்சேன். அதுக்கும் அதையே போட்டேன். மூணாவது பேரு வந்து திரையில நின்னுச்சு. அதுக்கும் அதையே போட்டு முடிச்சரலாம்னு வெரலை வெச்சேன். இந்த மனுசனை இதுக்கு மேல எதுவும் கேக்கக்கூடாதுன்னுதான் பாத்தேன்.

அருணகிரி கவுண்டர் மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டுக் குனிஞ்சாரு.

"அம்முணி, அந்த மூணாவது பேரு எம்மவளுங்க. நிலா. ஆறு வயசு. போன மாசம் செத்துப்போச்சுங்க. அப்படியே போட்டுக்குங்க" அப்படின்னாரு.

நான் அப்படியே போட்டேன்.